லூர்து அத்தையோட ஜிகினாச் சரம்

கையில எடுத்தா சில்லுன்னு இருக்கும்… கனக்கும்.

அந்தக் காலத்து ஜிகினா. இப்ப விக்கிற பிளாஸ்டிக் மாதிரி ஊதுனா பறக்காது. ஒவ்வொரு இழையும் நேரா கீழ தொங்கும். மெழுகுதிரி வெளிச்சத்துல கோயில்ல கிறிஸ்மஸுக்கு நட்டு வச்ச சவுக்குக் கொப்பு, அப்பத்தான் மழ பேஞ்சு விட்ட மாதிரி இருக்கும்.

நேத்து வீட்டுல குடில் வச்சப்ப ஞாபகம் வந்துச்சு. "ஒனக்கு யாரையுமே நம்பத் தெரியாதா பாட்டி"ன்னு பேரன் அடிக்கடி கேப்பான். தெரியாதுப்பா. நான் வளந்த வெதம் அப்படி.

சமஸ்தானம் போயி இந்தியாவோட சேந்து கொஞ்ச வருசம் இருக்கும். நாங்க திருமயத்துல இருந்தோம். அப்பாவோட அக்கா லூர்து அத்தை எங்க கூடத்தான் இருந்தாங்க. ஆஸ்பத்திரியில நர்ஸ். கல்யாணம் கட்டிக்கல.

பக்கத்து ஊரு செட்டியார் வீட்டுல ஒரு கஷ்டமான பிரசவம். ரெண்டு உசுரையும் அத்தை காப்பாத்திக் குடுத்தாங்க. காசு வேணாம்னுட்டாங்க. அந்த வீட்டு ஆச்சி விடல. பினாங்குலேருந்து வந்த ஒரு அட்டைப்பெட்டியக் குடுத்து, "ஒங்க கோயில்ல தொங்கவிடுங்க"ன்னாங்களாம்.

உள்ள இந்த ஜிகினா.

வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு அத்தைதான் தொங்கவிடுவாங்க. சனவரியில மூணு ராசா திருநாள் முடிஞ்சதும் எடுத்து, துணியில சுத்தி, தன்னோட டிரங்குப் பெட்டியில வச்சுருவாங்க.

வெனை எங்க வந்துச்சுன்னா… பழைய பட்டுச் சேலைய வாங்கி, சரிகைய எரிச்சு வெள்ளி எடுக்குற ஆளுக தெருத்தெருவா வந்த காலம் அது. பளபளன்னு எது இருந்தாலும் உள்ள வெள்ளி இருக்கும்னு நம்புவாங்க. அதுலயும் குடுத்தது செட்டியார் வீடு. "அவுக வீட்டுல போலியவா குடுப்பாக"ன்னு ஊரே பேசுச்சு.

அப்புறம் பாத்தா, வருசத்துக்கு வருசம் கொப்புல இழை கொறையுது. பெட்டி இருக்குறது அத்தைகிட்ட, அவுங்கதான் உருவி விக்கிறாங்கன்னு ஊரு முணுமுணுத்துச்சு.

அப்படி ஒரு வருசம் கிறிஸ்மஸுக்கு எனக்குப் புதுநன்மை, மொத மொதலா நற்கருணை வாங்குறது. அத்தை எனக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிப் போட்டாங்க. நான் ஜல் ஜல்லுன்னு கோயிலுக்குள்ள நடக்குறேன்… எல்லாருக்கும் கண்ணு என் கால்லதான். எனக்கு ஒரே பெருமை. அட லூசேன்னு இப்பத் தோணுது. அவுங்க பாத்த பார்வையே வேற.

ஒருநா அடுப்படியில அம்மா ஒரு ஜிகினா இழையப் பல்லுல கடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அம்மாவுக்கு முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல நல்ல எடைவெளி. "ஏதும்மா?"ன்னேன். "கீழ கெடந்துச்சு, போடி"ன்னாங்க.

மறுநாளே என் கொலுசக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டாங்க. அத்தை ஆஸ்பத்திரியிலேருந்து வந்து என் காலப் பாத்துட்டு, அம்மாவப் பேரச் சொல்லிக் கேட்டாங்க.

"கொலுசு எங்க செல்லம்?"

"எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாம எப்புடி மதினி போடுறது? ஊரு வாய மூட முடியலயே"ன்னாங்க அம்மா.

அத்தை அன்னிக்கு சாப்பிடல. அப்பா வாயே தெறக்கல. எனக்கு இன்னிக்கும் அப்பா மேல கோவம் உண்டு.

மறுநாள் அத்தையே பங்குச் சாமியார்ட்டப் போயி, "ஊருக்கு முன்னால சோதிச்சுப் பாத்துருங்க சாமி"ன்னு சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் நகை செய்யிற பத்தர வரச்சொன்னாங்க. என் கொலுசும் அரிசிப் பானையிலேருந்து வந்துச்சு. பத்தர் கல்லுல ஒரசிப் பாத்துட்டு, "நல்ல வெள்ளி"ன்னாரு. எல்லாரும் அம்மாவப் பாத்தாங்க. அம்மா அத்தையப் பாத்தாங்க.

அப்புறம் ஜிகினாவுல ஒரு இழைய இடுக்கியில புடிச்சு வெளக்குல காட்டுனாரு. சுருண்டுச்சு… உருகிச் சொட்டுச்சு.

"இது ஈயம்ங்க சாமி. இத வித்து ஒரு மூக்குத்தி கூட வாங்க முடியாது."

அத்தைகிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கல. ஆளாளுக்கு முக்காட்ட இழுத்துவிட்டுட்டுக் கெளம்பிட்டாங்க.

கேளுங்க கூத்த. அடுத்த ஞாயித்துக்கெழம போனா குடில்ல ஜிகினா கூடியிருக்கு. மாட்டுக்கொட்டில் கூரையில கொஞ்சம், வைக்கோலுக்குள்ள சொருகி கொஞ்சம், வானத்துச் சம்மனசு பொம்மையோட செறகுல ஒண்ணு. மடிச்சு மடிச்சு வச்சிருந்த தழும்போட… எந்தெந்த வீட்டுப் பெட்டியில கெடந்துச்சோ. ஆளுக்கு ஒண்ணு ரெண்டா உருவிட்டுப் போயி, வெள்ளின்னு பதுக்கி வச்சுக்கிட்டு, பழிய மட்டும் அத்தை தலையில போட்டிருக்காங்க.

அத்தை ஒவ்வொண்ணா எடுத்துக் கொப்புல தொங்கவிட்டாங்க. ஒண்ண மட்டும் கையில வச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. நானும் எட்டிப் பாத்தேன். பல்லுத் தடம் இருந்துச்சு. நடுவுல எடைவெளி.

அன்னிக்கு விடியுமுன்ன, கோயிலக் கூட்டிப் பெருக்கப் போறேன்னு அம்மா தனியாப் போனது எனக்குத் தெரியும்.

அத்தை அதையும் தொங்கவிட்டாங்க. வீட்டுக்கு வந்து என் கால்ல கொலுச மாட்டிவிட்டாங்க. பெறகு அம்மா முன்னால ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சாங்க.

"பாத்துக்க செல்லம். ஒண்ணுமில்ல."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் அத்தை இருந்த வரைக்கும், ஜிகினா தொங்கவிட்டு முடிச்சதும் கோயில் வாசல்ல நின்னு கைய விரிச்சுக் காட்டிட்டுத்தான் படி எறங்குவாங்க. யாரும் கேக்கல. யாரும் வேணாம்னும் சொல்லல.

வெளிநாட்டுல ஆதியில நெசமாவே வெள்ளியிலதான் ஜிகினா செஞ்சாங்களாம். அப்புறம் ஈயம், அது வெஷம்னு தெரிஞ்சதும் பிளாஸ்டிக். பேரன் போன்ல பாத்துச் சொல்றான். அம்மா கடிச்சாங்களேன்னு நெனச்சுக்கிட்டேன். அந்தப் பினாங்குப் பெட்டி என்னாச்சுன்னு தெரியல.

இப்ப மீட்டர் கணக்குல வாங்குறோம். ஜனவரியில பாதி குப்பைக்குப் போகுது. எத்தன இழைன்னு யாரு பாக்குறா… நிம்மதிதான். ஆனா அத யாரும் துணியில சுத்தி வைக்கிறதும் இல்ல.

நேத்து தொங்கவிட்டு முடிச்சதும் என் கை தானா விரிஞ்சுருச்சு. மருமக பாத்துட்டா.

"கையில என்னத்தே?"

"ஒண்ணுமில்லம்மா"ன்னேன்.