ஆட்டின் மூக்கில் தடவிய அத்தர்

எனக்கு வாசனைத் தைலம் எதுவும் ஆகாது. கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற இடத்தைக்கூட ஒதுங்கித்தான் தாண்டுவேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் கூசிப் போகிற சுபாவம். அப்படிப்பட்ட நான் ஒரு தடவை ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி மணந்திருக்கிறேன்.

அப்போது எங்கள் வீடு கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டுக்குள்தான் குடித்தனம். சித்தப்பா சவுதிக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் போகும்போது சின்னம்மா வயிற்றில் இருந்த பிள்ளை, அவர் திரும்பி வந்தபோது தெருவில் ஓடித் திரிந்தான். அப்பன் முகத்தை அவன் பார்த்ததே இல்லை.

உளுந்தூர்பேட்டையில் இறங்கி, கள்ளக்குறிச்சிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் ஊர் பஸ் பிடித்துப் பெட்டியும் கையுமாக வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னால் வாசனை வீட்டுக்குள் நுழைந்தது. அகில் கட்டையிலிருந்து இறக்குகிற அத்தராம். அந்த ஊரில் ஊத் என்பார்களாம். அவர் வேலை பார்த்த பெரிய வீட்டில் அந்தக் கட்டையைத் தணலில் போட்டு அறை அறையாகப் புகை காட்டுவதும் அவர் வேலைதானாம். சட்டை, பெட்டி, தலைமுடி எல்லாம் அதே வாசனை. குளித்தாலும் போகவில்லை.

பெட்டியைத் திறந்ததும் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சீசாவை எடுத்து, பார்க்க வந்தவர்கள் மணிக்கட்டிலெல்லாம் தடவிவிட்டார். எனக்கும் தடவினார். முதலில் மழையில் நனைந்த மாட்டுக்கொட்டகை மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் போனதும் மலையில் கட்டை கருகுகிற வாசனை. கையைத் தலைக்கு வைத்துப் படுத்தபோதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கொம்புத்தேன் போல ஒரு இனிப்பு இருப்பது தெரிந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தும், வாத்தியார் நேராக என்னிடம் வந்து, "இன்னா வாசன இது, வூட்ல எதுனா விசேசமா?" என்று கேட்டார். நான் ஒளிந்துகொண்டாலும் அது ஒளியமாட்டேன் என்றது.

சின்னம்மா மட்டும் கையை நீட்டவில்லை. "எனக்கு வேணாங்க" என்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பிள்ளையும் அப்படித்தான். சித்தப்பா தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக் கத்துவான். சாக்லேட் கொடுத்தார். சாவி கொடுத்தால் தலையாட்டுகிற குரங்கு பொம்மை கொடுத்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டு ஓடிப்போய் சின்னம்மா புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். லீவு இரண்டே மாசம்.

"அதுக்குள்ள ஒருவாட்டி எம்மேல படுத்துத் தூங்கிட்டான்னா போதும் அண்ணி" என்றார் அம்மாவிடம்.

"பழகாத மூஞ்சி. வருவான் தம்பி" என்றாள் அம்மா. அவன் வரவில்லை.

ஒரு மத்தியானம் எங்கள் கறுப்பாடு குட்டி போட்டது. தாய் நக்கி முடிக்கிற வரைக்கும் குட்டியை யாரும் தொடமாட்டார்கள். எங்கள் ஊரில் அது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சித்தப்பாவுக்கு மறந்து போயிருந்தது. பிள்ளை வராத கை சும்மா இருக்க முடியவில்லையோ என்னவோ, குட்டியை அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"தம்பி, கீழ உடு, கீழ உடு" என்று அம்மா ஓடி வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது. இறக்கிவிட்ட குட்டியை ஆடு ஒரு தரம் முகர்ந்தது. பின்னால் நகர்ந்தது. குட்டி மடியைத் தேடிப் போனதும் முட்டித் தள்ளியது.

ஆட்டின் பாலையே பீய்ச்சிக் குட்டியின் முதுகில் தடவினார்கள். உப்புத் தண்ணீர் தெளித்தார்கள். வைக்கோலால் துடைத்தார்கள். ஊத் எதற்கும் அசையவில்லை. பொழுது சாயும்போது குட்டிக்குக் கத்தவும் தெம்பில்லை.

"பெத்த புள்ளயும் வரல, ஆட்டுக்குட்டியையும் கெடுத்துட்டியேடா" என்று அப்பா சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். அப்புறம் கிணற்றடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சின்னம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் அந்தச் சீசாவை எடுத்து வந்தாள். குட்டியின் நெற்றியில் ஒரு தடவல், ஆட்டின் மூக்கில் ஒரு தடவல்.

"தனக்கு வேணான்னவ ஆட்டுக்குப் பூசறா பாரு" என்றாள் அம்மா.

ஆடு தும்மியது. தலையை உதறியது. அதற்கு இப்போது உலகமெல்லாம் ஒரே வாசனை. குட்டியை முகர்ந்தது, தன் மூக்கை நக்கிக்கொண்டது, மறுபடி குட்டியை முகர்ந்தது. சின்னம்மா குட்டியின் வாயைக் காம்பில் வைத்தாள். ஆடு நகராமல் நின்றது.

மறுநாள் சின்னம்மாவின் கழுத்தில் ஊத் மணந்தது. முந்தானையிலும் மணந்தது. அம்மா விடுவாளா? "இன்னாடி, புருசன் குடுத்தா வேணாங்கற, நீயா எடுத்துப் பூசிக்கினு மினுக்கற?" என்றாள். சின்னம்மா சிரித்துக்கொண்டே மாவு சலித்தாள். நானும் அவள் மினுக்குவதாகத்தான் நினைத்தேன். அதன் பிறகு தினமும் பூசினாள். பையன் அந்தக் கழுத்தில் முகம் வைத்துத்தான் தூங்குவான்.

லீவு முடியப் போகிற சமயம், சித்தப்பா வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். விளையாடிக்கொண்டிருந்த பையன் கிட்டே போய் அவர் தோளில் மூக்கை வைத்துப் பார்த்தான். அப்புறம் மேலே ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டான். சித்தப்பா சோற்றுக்குக்கூட எழவில்லை. அம்மா கூப்பிடப் போனபோது, "கை மரத்துப் போச்சு அண்ணி, பரவால்ல" என்று ரகசியம் போலச் சொன்னார்.

அவர் சவுதிக்குத் திரும்பிய பிறகு சீசா சின்னம்மாவிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்ததும் பொட்டு அளவு எடுத்து முந்தானையில் தேய்த்துக்கொள்வாள். புருஷன் ஊரில் இல்லாதவளுக்கு வாசனை எதற்கு என்று தெருவில் பேசினார்கள். களை எடுக்கிற இடத்தில், "யாருக்கு மணக்குதோ இது" என்று அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். நானும் கூட்டத்தில் அவள் பக்கத்தில் உட்காரக் கூசித் தள்ளிப் போனேன்.

"அந்தச் சீசாவ தூக்கிப் போட்டுடேண்டி. ஊரு வாயில எதுக்கு வுழற?" என்று அம்மாவும் ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குதுக்கா" என்றாள் சின்னம்மா.

அடுத்த லீவுக்கு சித்தப்பா வந்து இறங்கியபோது பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் நின்றிருந்தான். முதலில் என் பின்னால் ஒளிந்தான். அவர் கிட்டே வந்ததும் மூக்கைத் தூக்கினான், கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான். சின்னம்மா எல்லாருக்கும் பின்னால் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாக்லேட்டுக்குத்தான் ஓடுறான் என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நான் சொன்னேன்.