பூ ஒட்டாத கார்

எங்கள் கல்யாணத்தன்று என் வீட்டுக்காரர் தன் முகத்தைக்கூட இவ்வளவு அக்கறையாகக் கழுவியிருக்க மாட்டார். மகள் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது. வாய்விட்டே சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

விஷயம் இதுதான். பெண்ணைச் சர்ச்சுக்கு அழைத்துவர ஒரு பெரிய வெள்ளைக் கார் அனுப்புவதாக மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். இவர் உடனே, "இல்லைங்க, என் பொண்ணை நானே ஓட்டிட்டு வந்துடறேன்" என்றுவிட்டார். டியூஷன், காலேஜ், தாம்பரம் ஸ்டேஷன், ஏர்போர்ட் என்று அவளை இத்தனை வருஷமும் கொண்டுபோய் விட்டவர் இவர்தான். கல்யாணம் முடிந்த கையோடு அவள் புனேவுக்குப் போகிறாள். இனிமேல் அவளை எங்கேயும் கொண்டுபோய் விடும் வேலை இவருக்கு இல்லை. அதனால் கடைசியாக ஒரு தடவை. அந்த மனுஷனுக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது; கல்யாணப் புடவை என்ன நிறம் என்றுகூடக் கேட்கவில்லை.

மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. காரை ஒரு பார்வை பார்த்தாள். "பாக்கலாம்பா" என்றாள்.

அந்த "பாக்கலாம்" அவருக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்கும்தான். ஆனால் அவளையும் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் கருநீலமாக இருந்த கார் அது. எங்கள் கீழ்க்கட்டளை வீட்டுப் போர்ட்டிகோவில் அதன் பின்பாதிதான் அடங்கும். முன்பாதி வெயிலுக்கும் வேப்பமரத்துக் காக்கைகளுக்கும். மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து புழுதி வேறு. பானெட் சாம்பல் பூத்துக் கிடந்தது. போட்டோக்காரர்கள், வீடியோக்காரர்கள் எல்லாம் சூழ்ந்து நிற்கும் நாளில் அதில் வந்து இறங்க எந்தப் பெண்தான் யோசிக்க மாட்டாள்?

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே அவர் வாளியோடு இறங்கிவிட்டார். ஒரு வாளியில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் துணியை அலசத் தண்ணீர். அழுக்குத் துணியை அலசாமல் தேய்த்தால் மண் துகள் பெயின்டைக் கீறிவிடுமாம். எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றது. கடைசியாக அலசிவிட, நான் குடிக்கப் பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரில் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது.

"குடிக்கிற தண்ணியில காரைக் குளிப்பாட்டுறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

"போர் தண்ணி உப்பும்மா. காஞ்சா வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழும். ஒரு குடம்தானே, சும்மா இரு."

சும்மா இருந்தேன். அடுத்த நாட்களில் காம்பவுண்ட் என்று ஒரு பசையைத் தொட்டுத் தொட்டுச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். தோள்பட்டை வலி என்று இரவில் புரண்டார். காலையில் திரும்பவும் தேய்த்தார். சாம்பல் போய் உள்ளேயிருந்து அந்தப் பழைய நீலம் எட்டிப் பார்த்தது. அதன்மேல் மெழுகு. மெல்லிசாகப் பூசி, அது மங்கலாக உலரும்வரை பொறுத்து, மெத்தென்ற துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு தடவை போதுமே என்றேன். "சீக்கிரம் போயிடக் கூடாது" என்று இரண்டாம் தடவையும் பூசினார். காரைத்தான் சொன்னார் என்று அப்போது நினைத்தேன்.

எல்லாம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு ஒரு சொம்புத் தண்ணீரைப் பானெட்டில் ஊற்றிக் காட்டினார். சேப்பங்கிழங்கு இலையில் ஓடுவதுபோல் தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு ஓடியது. ஒரு சொட்டு நிற்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எதிர்வீட்டு மாடியில் ஆள் நின்றதால் விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை குரோம்பேட்டையிலிருந்து பூ அலங்காரம் செய்பவர் வந்தார். வெள்ளை ரோஜாக் கொத்து, ரிப்பன், கட்டுக் கட்டாய் டேப். கொத்தைப் பானெட்டில் வைத்து ஒட்டினார். அது மெதுவாக வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. திரும்பவும் ஒட்டினார். திரும்பவும் வழுக்கியது. வேறு டேப் எடுத்தார். அதுவும் உரிந்து சுருண்டுகொண்டது.

"இன்னா சார் இது, டேப்பே நிக்க மாட்டேங்குது! எண்ணெய் கிண்ணெய் தடவிக்கீறீங்களா? ஒரே பேஜாரா கீது."

இவர் முகம் வெளுத்துவிட்டது. தண்ணீரே நிற்காத இடத்தில் டேப் எப்படி நிற்கும்? இத்தனை வீடியோ பார்த்த மனுஷருக்கு இது தோன்றவில்லை.

"கயிறு போட்டுக் கட்டிடுங்களேன்" என்றேன்.

"கட்டலாம்க்கா. ஆனா சாவு வண்டி மாரி ஆயிடும்."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுறீங்க?" என்று நான் சத்தம் போட்டதில் அந்த அலங்காரக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்.

திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். சமையலறையிலிருந்து வந்தார். புதுச் சட்டையின் கையை முழங்கைக்குமேல் சுருட்டியிருந்தார். கையில் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் நாரும். அதைப் போட்டுத் தேய்த்தால் மெழுகு போய்விடும், பூ ஒட்டும். ஒரு வாரம் தேய்த்துக் கொண்டுவந்த பளபளப்பும் அதோடு போய்விடும். அவருக்கு அது தெரியும். தடுக்கக் கையை நீட்டினேன்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

மகள் வாசலில் நின்றாள். அலங்காரம் முடிந்து, சந்தன நிறப் பட்டும் தலையில் முக்காடுமாக. அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை.

"பூ ஒட்ட மாட்டேங்குதும்மா" என்றார் இவர், நிமிராமல். "வேணும்னா உன் மாமனார் வீட்டுக் காரையே வரச் சொல்லிடட்டுமா?"

அவள் பானெட் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த நீலத்தில் அவள் முகம் தெரிந்தது. குனிந்து நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துகொண்டாள். அப்புறம் அவர் கையிலிருந்த சோப்பை வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

"பூ வேணாம்பா. கை கழுவிட்டு வாங்க. நேரமாச்சு."

மகளும் நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டோம். பல்லாவரம் வரைக்கும் ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் அவர் காரைக் கைக்குழந்தையை இறக்குவதுபோல் இறக்கினார்.

சர்ச் வாசலில் காவலாளி விசிலடித்துக்கொண்டே ஓடிவந்தார். "சார், இங்க நிறுத்தாதீங்க. பின்னாடி பார்க்கிங்குக்குப் போங்க. பொண்ணு கார் வரணும்."

வேறு நாளாக இருந்தால் இவர் அங்கேயே ஒரு சண்டை போட்டிருப்பார். அன்று கண்ணாடியை இறக்கினார். "பொண்ணு..." என்று ஆரம்பித்தார். ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதுவிட்டார். மகள் பின்சீட்டிலிருந்து எக்கி, பட்டு கசங்குவதைக்கூடப் பார்க்காமல், இரண்டு கையாலும் அவர் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"இறங்க வேணாம்பா" என்றாள். "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கலாம்."

பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அடிக்கட்டும் என்று நான் கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னேன்.