சரஸ்வதி பூசையில் வைத்த றைபிள்

துப்பாக்கி துடைக்கும் எண்ணெய்க்கு ஒரு மணம் உண்டு. அளவுக்கு மீறிக் கனிந்த வாழைப்பழத்தின் மணம்... நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய சென் ஜேம்ஸ் ரவுணில், பதினான்காம் மாடியில், எங்கள் குசினி மேசையில் அந்த மணம் ஒரு கோடைகாலம் முழுவதும் நின்றது.

ஆண்டு 1997. சில நண்பர்கள் 1996 என்று சாதிக்கிறார்கள், தவறு. நான் அந்த றைபிளை வீட்டுக்குக் கொண்டுவந்தது 1997 யூன் 14, சனிக்கிழமை.

பெரிய ஆயுதம் ஒன்றுமில்லை. சுண்டுவிரல் நுனியளவு தோட்டா போடும் பொயின்ற் ருவென்ரி ரூ, அதாவது .22 ரகம். ஐம்பது மீற்றரில் ஒட்டிய கடதாசியைத் துளைப்பதே அதன் வேலை. உலோக உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் நான் அளவு பார்ப்பவனாக இருந்தேன். அங்கே என்னோடு வேலை செய்த சிவராசா ஒரு சுடுகழகத்தில் சேர்ந்திருந்தான். வகுப்பு, பரீட்சை, அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் முறையாக முடித்துக்கொண்டு நானும் சேர்ந்தேன்.

என் மனைவி பரமேஸ்வரி பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"துவக்குச் சத்தம் கேளாமல் இருக்கத்தானே யாழ்ப்பாணத்தை விட்டு வந்தனாங்கள்? இஞ்சை நீங்களே காசு குடுத்து வாங்கிக்கொண்டு வாறியள்."

"இது விளையாட்டுக்குரியது, பரமேஸ்."

"தீபாவளி வரைக்கும் பாப்பன். அதுக்குப் பிறகும் எனக்கு நித்திரை வராட்டில், உது இந்த வீட்டிலை இருக்கக்கூடாது."

நியாயமான நிபந்தனை. ஒப்புக்கொண்டேன்.

ஆனாலும் அந்தக் கோடையில் அதை அழகுபடுத்தாமல் இருக்க என்னால் முடியவில்லை. முதலில் நான்கு மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு ஸ்கோப், குறிபார்க்கும் குழாய். அதைப் பிடித்திருக்கும் இரண்டு வளையங்களும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க மட்டும் மூன்று மாலைகள் சென்றன. ஸ்கோப் உயரமானதால் குறிபார்க்கும்போது கன்னம் றைபிளின் பின்மரத்தில் படவில்லை. பழைய தோல் கைப்பை ஒன்றை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்துக் கட்டினேன். தோள்வார் புதிதாகப் போட்டேன். விசை சற்று இறுக்கமாக இருந்தது. அதைக் கடைக்காரரிடம் கொடுத்துச் சீராக்கினேன்.

பரமேஸ்வரி இவை எதையும் ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் மேசையில் இருந்தால் அவர் சுவரோரமாகச் சுற்றிப் போய்த்தான் அடுப்பை அடைவார்.

ஒக்ரோபர் 10, வெள்ளிக்கிழமை, சரஸ்வதி பூசை. புத்தகங்களையும் என் அளவுகோல்களையும் திருகாணிச் சாவிகளையும் வழமைபோல் படத்துக்கு முன்னால் அடுக்கினேன்.

"அதையும் கொண்டு வாங்கோ" என்றார்.

"எதை?"

"உங்கடை மற்றப் பிள்ளையை."

நான் நம்பவில்லை. குண்டு இல்லையென்று இருமுறை பார்த்து, இயங்கும் பாகத்தைக் கழற்றி வைத்துவிட்டு, றைபிளைக் கொண்டுபோய்க் கிடத்தினேன். குளித்துவிட்டு வந்து பார்த்தபோது அதன் மரத்தில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். நான்கு மாதமாக அதன் பக்கம் திரும்பாத கை வைத்தது. மனம் நிறைந்துவிட்டது...

மறுநாள் சனிக்கிழமை கழகத்தில் இலையுதிர்காலப் போட்டி. ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு வடக்கே, சோளக்காட்டு நடுவே மைதானம். முறை வந்ததும் ஸ்கோப்பின் மூடிகளைத் திறந்து கண்ணை வைத்தேன். எல்லாம் ஒரே மூட்டம். இலக்குப் பலகையே தெரியவில்லை. மூன்று மாலை பார்த்துப் பூட்டிய ஸ்கோப்!

சிவராசா முன்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணை, உங்கடை துவக்கு கோயிலுக்குப் போட்டு நேரை இஞ்சை வந்திருக்கு!"

முன் கண்ணாடியின் நடுவே இன்னொரு பொட்டு, காய்ந்து இறுகிப்போய். மூடிக்குள் இருப்பது கண்ணாடி என்று தெரியாமல் பரமேஸ்வரி அங்கேயும் வைத்துவிட்டார்.

"துடையுங்கோவன் அண்ணை."

"காய்ஞ்ச சந்தனத்தைத் தேச்சால் கண்ணாடி கீறும்" என்றேன். அது உண்மை. துடைக்க மனம் வரவில்லை என்பதும் உண்மை.

ஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குழலிலேயே இருந்த பழைய இரும்புக் குறிமுனையால் சுட்டேன். கடைசிக்கு முதல் ஆளாக வந்தேன். கடைசி ஆள் பாதியிலேயே வீட்டுக்குப் போனவர்.

கதவைத் திறந்ததும் பரமேஸ்வரி கேட்டார்.

"வெண்டியளோ?"

"இல்லை."

"ஏன்? உந்தக் குழாய் சரியில்லையோ?"

கறியில் உப்பு அரைக் கரண்டி கூடினாலும் சொல்லிக்காட்டுகிறவன் நான். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் மறுபடி அதைத் தொட்டிருக்க மாட்டார்; தீபாவளியோடு றைபிளும் போயிருக்கும்.

"காத்துக் கூடிப்போச்சு" என்றேன். அன்று ஓர் இலைகூட அசையவில்லை.

தீபாவளி வந்து போனது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அலுமாரித் திறப்பு என்னட்டை இருக்கட்டும்" என்று றைபிள் பூட்டியிருந்த அலுமாரியின் சாவியை மட்டும் கேட்டார். கொடுத்தேன்.

இப்போது நாங்கள் மார்க்கம் நகரில் இருக்கிறோம். 2012இல் கண்ணில் புரை விழுந்தபோது றைபிளைக் கழகத்து இளைஞர் ஒருவருக்கு முறைப்படி மாற்றிக் கொடுத்தேன். சோளக்காடு இருந்த பக்கம் ஒரே மாதிரியான வீடுகள் வரிசையாக எழுந்துவிட்டன. அவற்றில் ஒன்று எங்கள் மகளுடையது. அன்று சிவராசாவின் பழைய காரில் ஒன்றரை மணி நேரம் போன இடத்துக்கு, இன்று பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு இருபது நிமிடத்தில் போய்விடுகிறோம். குறையொன்றுமில்லை. அந்த எண்ணெய் மணம் மட்டும் எங்கும் இல்லை...

இதை எழுதி முடித்து, திகதிகளைச் சரிபார்ப்பதற்காக நேற்றுப் பரமேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடிப் பொட்டின் கதையை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் அவரிடம் சொன்னதில்லை. கோபிப்பாரோ என்று பார்த்தேன்.

"திகதி எல்லாம் சரி. ஒரு இடம்தான் பிழை."

"எது?"

"தெரியாமல் வைச்சனான் எண்டு எழுதியிருக்கிறியள். தெரிஞ்சுதான் வைச்சனான். வீட்டிலை இருக்கிறதெண்டால் இருக்கட்டும்... கண் தெரியாமல் இருக்கட்டும் எண்டு."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார்.

அந்த வசனத்தை நான் திருத்தவில்லை. மேலே அப்படியே இருக்கிறது.