சேரப்பணஞ்சேரிக்கு மேலே சுற்றும் விமானம்

தாம்பரம் போகும் பஸ்ஸின் ரேடியேட்டர் கொதித்து, சேரப்பணஞ்சேரி அருகே நிற்கிறது. இறங்கி வாய்க்கால் ஓரம் வருகிறேன். பண்ணையார் வயலுக்குப் பிரியும் கிளையை மண் போட்டு அடைத்து, அந்த மண் மேலேயே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் அவருடைய வயலுக்குப் போகிறது. பண்ணையாரின் ஆள் மண்வெட்டியோடு நின்று, "ஏந்திரும்மா, அய்யா வயலுக்குத் தொறக்கணும்" என்று கத்துகிறான்.

தலைக்கு மேலே ஒரு விமானம் வட்டமடிக்கிறது. மீனம்பாக்கத்தில் எது முதலில் இறங்க வேண்டும் என்று விமானிகளுக்கு ரேடியோவில் சொல்வதுதான் என் வேலை. போன வாரம் ஒரு மந்திரியின் விமானத்தை இப்படித்தான் சுற்றவிட்டேன். அதற்குக் கீழே, மேகத்துக்குள், பயணிகளோடு இன்னொன்று இறங்கிக்கொண்டிருந்தது. மந்திரியையும் இறக்கியிருந்தால் இரண்டும் மோதியிருக்கும். மந்திரியைக் காக்க வைத்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி மேலதிகாரி இன்று கூப்பிட்டிருக்கிறார்.

நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு அந்தப் பெண் கேட்கிறார்.

"இன்னா சார், அது அங்கியே சுத்திக்கினு கீது?"

"முன்னாடி வந்தது எறங்கணும்மா. அதுவரைக்கும் இது கீழ வரக்கூடாது."

"உள்ள பெரிய மனுசன் குந்திக்கினு இருந்தா?"

"யாரா இருந்தாலும்."

அவர் பண்ணையாரின் ஆள் பக்கம் திரும்புகிறார். "கேட்டுக்கினியா? ஆகாசத்துலயே அப்படித்தானாம். இன்னிக்கு என் மொறை. என் கயனி நெறையாம ஏந்திருக்க மாட்டேன், போய்ச் சொல்லு."

பஸ் ஹாரன் அடிக்கிறது. ஏறி உட்காருகிறேன். மன்னிப்பாவது, மண்ணாங்கட்டியாவது! அந்த மந்திரி நாளைக்கே வந்தாலும் முறை வரும்வரை மேலேதான் சுற்றுவார்.