சூப்பர்வைசரின் கறுப்பு ஹெல்மெட்

எங்கள் வீட்டு ஷூ ஸ்டாண்டின் மேல் ஒரு கறுப்பு ஹெல்மெட் இருக்கிறது. முகம் முழுக்க மூடும் ரகம், முன்கண்ணாடியும் கறுப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் லேத் ஓட்டிய கம்பெனியின் சூப்பர்வைசர், ஓய்வுபெற்ற அன்று, "இனிமே எனுக்கு வேணாம்டா" என்று என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அந்த மனுஷன் அழுது யாரும் பார்த்ததில்லை. மெஷினில் விரல் நசுங்கியபோதுகூட, "ஒண்ணியும் இல்ல, கொசு கட்ச்சிது" என்றவர். ஆனால் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், சாப்பாட்டு நேரத்தில் நிறுத்திவைத்த பைக்கின் மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோள் மட்டும் குலுங்கும். "இன்னாண்ணே, கெளம்பிட்டியா?" என்று கேட்டால், "வண்டி சூடாவட்டும்னு கீறேன்" என்பார். இன்ஜின் ஓடாது. நாங்களும் ஆம்பளைகள்தானே, நம்பியதுபோல் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஒருவனும் பக்கத்தில் போய் உட்காரவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நல்லவேளையாக மனைவி தேறி வீடு திரும்பினார். அடுத்த வருடம் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. பூந்தமல்லியில் அவளைக் காலை பஸ் ஏற்றிவிடப் போனவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. உள்ளே அழுகை, கண்ணாடி முழுக்க ஆவி. ஒரே நிறத்தில் இரண்டு பஸ் முன்னும் பின்னுமாக நிற்க, ஐயா வேலூர் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் டாட்டா காட்டியிருக்கிறார். ஜன்னலோரம் இருந்த யாரோ ஒரு பெரியவரும் மரியாதைக்குத் திருப்பிக் காட்டிக்கொண்டே இருந்தாராம். மகளின் பஸ் எப்போதோ போய்விட்டது. மறுநாள் டீக்கடையில் இதைச் சொல்லி எங்களை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தவர், சட்டென்று, "பொண்ணு எம் மூஞ்சிய பாக்காமலே பூட்ச்சிடா" என்றார். நான் இன்னொரு வடை வாங்கி அவர் கையில் வைத்தேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

போன மாதம் என் மகள் அதே பூந்தமல்லியில் அதே ஊருக்குப் பஸ் ஏறினாள். வெள்ளானூர் வீட்டிலிருந்து அவளைப் பைக்கில் கூட்டிவரும்போதே அந்தக் கறுப்பு ஹெல்மெட்டின் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. வண்டியை நிறுத்தியும் ஹெல்மெட்டைக் கழற்றக் கை வரவில்லை. அந்த வடை ஞாபகம் வந்தது. கழற்றினேன். ஐம்பது வயது ஆள், நடுரோட்டில், தேம்பித் தேம்பி அழுதேன். பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "அண்ணாத்தே, பஸ்ஸு வர இன்னும் அர மணி நேரம் கீது. கொஞ்சம் மிச்சம் வெச்சுக்கோ" என்றாள்.

"ஐயோ அப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று பல்லைக் கடித்த மகள், என் கையிலிருந்த ஹெல்மெட்டை வெடுக்கென்று பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

கண்ணாடியை நான்தான் தூக்கிவிட்டேன். மூஞ்சியைப் பார்க்காமல் எப்படி அனுப்புவது?