அப்பா நேராக நடந்த நாள்

எண்பதுகளின் கடைசியில், குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும்போது அப்பாவை ஒரு சரக்கு வேன் இடித்துத் தள்ளியது. அவருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, பல்லாவரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு அரை நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, பிளேட் வைத்தார்கள். எட்டு மாதம் கழித்துக் கைத்தடியோடு நடந்தார். பட்டறை வேலை போனது போனதுதான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என் ஆபீசில் கடன் வாங்கியிருந்தேன்.

தாம்பரத்தில் மருந்துக்கடை மாடியில் இருந்த வக்கீல், நஷ்டஈடு கேட்டு செங்கல்பட்டில் வழக்குப் போட்டார்.

"சார், ரிட்டயர் ஆனவருக்கு என்ன பெரிய நஷ்டம்னுதான் எதிர்த்தரப்புல கேப்பாங்க. நம்ம கையில இருக்கறது டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணுதான். ஊனம் எத்தனை சதவீதம்னு அவர் எழுதணும்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "டாக்டர்கிட்ட போய் அப்பா வீரம் காட்டாம நீங்கதான் பாத்துக்கணும்மா."

அன்றிலிருந்து எனக்கு அதே கவலை. வீட்டுக்கு யாராவது வந்தால் கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிற ஆள் அப்பா.

பரிசோதனைக்குப் போகும் பஸ்ஸில், "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்கப்பா" என்றேன்.

"வலிக்கலேன்னா?"

"தினம் முனகறீங்களே."

"அது வீட்டுக்குள்ள" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டருக்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும். "கொஞ்சம் நடங்க பெரியவரே" என்றார். அப்பா தடியை என் நாற்காலியில் சாய்த்துவிட்டு, ஜன்னல் வரைக்கும் நேராக நடந்து, நேராகத் திரும்பி வந்தார். பிடரியில் வேர்வை வழிந்தது.

"பரவாயில்லையே, நல்லா நடக்கறீங்க" என்று டாக்டர் எதையோ எழுதினார்.

"வீட்ல இப்படி நடக்க மாட்டார் டாக்டர்."

"நீ சும்மா இரு" என்றார் அப்பா.

இனி நான் எது சொன்னாலும் பொய்யாகத்தான் தெரியும். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தரையில சம்மணம் போட்டு உட்காருங்க" என்றார்.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்பா குனிந்தார். இடது கால் மடங்கவில்லை. பாதியில் அப்படியே நின்றார். நான் எழுந்தேன், டாக்டர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அப்பாவால் முடியக் கூடாது என்று அந்த நிமிஷம் நான் வேண்டிக்கொண்டேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

"முடியல சார்" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

டாக்டரே வந்து தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். டேப் வைத்துக் காலை அளந்தார். ஒரு அங்குலம் குறைந்திருந்தது. நாற்பது சதவீதம் என்று எழுதினார். திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில் என்னை விட்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்.

தீர்ப்பு வர இரண்டு வருஷம் ஆனது. வயதைக் காட்டிக் குறைத்து, கேட்டதில் பாதிக்கும் கீழேதான் கொடுத்தார்கள். ஆபீஸ் கடன் அடைந்தது. தீர்ப்பு நகலை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்.

"நிரந்தர ஊனம்னு போட்டிருக்கான்."

"தொகையைப் பாருங்கப்பா" என்றேன்.

மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.