பாறைக்கு ஓரடி கீழே

போன வருடம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். நமுனுகுல மலைப்பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். மழைக்காலம் வந்தால் கொழுந்து எடுப்பதிலிருந்து அடுப்பு மூட்டுவது வரை எங்களுக்கு எல்லாமே இரட்டிப்பு வேலை. எனக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. வேலை முடிந்து வந்த உடம்போடு, சாயந்தரம் மகளை மலைக்கு மேலே கூட்டிப்போய், போனில் பாடம் கேட்க வைத்துவிட்டுத் திரும்பக் கூட்டிவர வேண்டும்.

மகள் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுத்தவள். பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவில் சேர்ந்தாள். சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே இணைந்த கணிதம் படிப்பித்த ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்தவர் வருவார், வருவார் என்று பார்த்ததில் ஒரு தவணை போயிற்று. கடைசியில் மட்டக்களப்புப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் காசு வாங்காமல் போன் வழியாக வகுப்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டுச் சேர்த்துவிட்டோம். அவர் முகத்தை நான் இன்றுவரை சரியாகப் பார்த்ததில்லை. குரல் மட்டும் வீட்டு மனிதர் குரல் மாதிரி பழகிவிட்டது.

ஆனால் நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள், எங்கள் லயம், இருப்பது பள்ளத்தில். முன்னால் ஒரு தேயிலை மலை ஆமை முதுகு மாதிரி கவிழ்ந்து கிடக்கிறது. டவர் அந்த மலைக்கு அப்புறம், எங்கேயோ தூரத்தில், இன்னும் உயரமான ஒரு மலையில். லயத்துக்குள் போன் என்றால் டோர்ச் அடிக்கவும் மணி பார்க்கவும்தான். பேச வேண்டுமென்றால் மலை ஏற வேண்டும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் பக்கமாக, ஒரு கறுப்புப் பாறை இருக்கிறது. அங்கே நின்றால் வகுப்பெடுக்கிற சேர் பேசுவது கேட்கும். பாறைக்கு ஓரடி கீழே இறங்கினால் அவர் வாய் அடைத்துப் போகும்.

வயசுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியுமா? அவள் அப்பா கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் முகம் காட்டுவார். ஆகவே காவலுக்கு நான். பகலெல்லாம் மலையில் நின்றவளைச் சாயந்தரமும் மலைக்குப் போ என்றால் எப்படி இருக்கும்? நான் குடை பிடிப்பேன், அவள் பாறையில் குந்திக்கொண்டு எழுதுவாள். அட்டை காலில் ஏறுவதைக்கூடக் குனிந்து பார்க்க முடியாது, குனிந்தால் கொப்பி நனையும். சில நாள் குடையைப் பிடித்தபடியே கண்ணை மூடிவிடுவேன். மற்ற பெண்கள், "என்ன, நீயும் சோதனை எழுதப் போறியா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும்.

அந்த வாரம் வியாழக்கிழமை இறங்கி வரும்போது சறுக்கி விழுந்தேன். முழங்கால் வீங்கிவிட்டது. மறுநாள் வேலைக்குப் போனதே பெரிய பாடு. அடுத்த திங்கட்கிழமைக்குள், பிரிவு மாறுகிறவர்கள் அதிபரிடம் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் அறிவித்திருந்தார்கள். சனிக்கிழமை சோறு போட்டுக் கொடுத்துவிட்டு மகளிடம் சொல்லிவிட்டேன்.

"பாப்பா, திங்கக்கெழம அதிபர்கிட்ட கலைப் பிரிவுக்கு மாறிக்கிறேன்னு சொல்லிரு. அதுக்குன்னா பள்ளிக்கூடத்துலயே டீச்சர்மார் இருக்காங்க. என்னால ஏற முடியலம்மா."

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "சரிம்மா" என்றாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் போயிட்டு வருவோமா? பாதிப் பாடத்துல நிக்குது" என்று கேட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அந்தச் "சரிம்மா" என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. காலை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்றைய பாடம், ஒரு நேர்கோடு பரவளைவு ஒன்றை எப்போது தொடும் என்பது. நானும் சாதாரண தரம் வரை போனவள்தான், கணக்கில் தப்பிப் பிழைத்து எஸ் எடுத்தவள். பரவளைவு என்றால் என்னவென்று மகள் கொப்பியில் வரைந்திருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கவிழ்த்த வளைவு, மேலே ஒரு முகடு, இரண்டு பக்கமும் இறக்கம். y = 4x − x² என்று அதற்குப் பெயர். கோட்டுக்குப் பெயர் y = 2x + c.

சேர் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். c-யைக் கூட்டினால் கோடு மேலே போகும், வளைவில் படவே படாது. குறைத்தால் கீழே இறங்கி இரண்டு இடத்தில் வெட்டும். நடுவில் ஒரே ஒரு நிலையில் மட்டும், வெட்டாமல், ஒரே புள்ளியில் தொட்டுக்கொண்டு போகும். அதுதான் தொடலி. இதைச் சொல்லும்போதெல்லாம் காற்று அடித்துச் சத்தம் விட்டுப்போகும். சேர் பாவம், மறுபடி முதலில் இருந்து தொடங்குவார். மூன்றாவது தரம் அவர் தொடங்கியபோது எனக்கே பாடமாகிவிட்டது. இரண்டையும் சமப்படுத்தினால் x² − 2x + c = 0. தொட வேண்டுமென்றால் b² − 4ac பூச்சியமாக வேண்டும். 4 − 4c = 0. ஆகவே c ஒன்று.

அந்த நேரம் பார்த்து மகள் காலை மாற்றி வைக்கப் பாறையிலிருந்து கீழே இறங்கினாள். சேர் போய்விட்டார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். முழங்கால் வலியை எல்லாம் அந்தப் பாறை மேல் காட்டினேன். "அப்படி என்னதான் வச்சிருக்கு இந்தப் பாறையில? இதுல நின்னா வருது, ஓரடி எறங்குனா போயிருது! இதுவும் அதே மலதானே?"

மகள் கொப்பியைப் பார்த்தாள். கீழே லயத்தைப் பார்த்தாள். மறுபடி கொப்பி. நான் திட்டியதற்குத்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா" என்றாள் மெதுவாக. "இந்தப் பாறதான் தொடுற புள்ளி."

"என்ன புள்ளி?"

"டவர்ல இருந்து வர்றது நேர்கோடும்மா. இந்த மல, வளைவு. கோடு இந்தப் பாறையத் தொட்டுட்டு நேராப் போயிருது. மல வளைஞ்சு கீழ எறங்கிருது. நம்ம மலையோட சேர்ந்து கீழ எறங்கிப் போய் அதத் தேடுறோம். அது நம்ம தலைக்கு மேல போகுது."

"சரி, போனா போகட்டும். வா, இருட்டப் போகுது" என்றேன். எனக்குப் படுத்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் விடியாததுமாக மகள் வந்து எழுப்பினாள். பகலில் ஒரு தரம் பாறைக்குப் போக வேண்டுமாம். வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டுப் போகவும் செய்தேன், என்ன செய்வது, பிள்ளை. ஊன்றிக்கொள்ள வேறு ஒன்றும் கிடைக்காமல் என் மட்டக்கம்பை எடுத்துக்கொண்டேன். செடிகளின் தலை ஒரே மட்டமாக இருக்கிறதா என்று மேலே வைத்துப் பார்த்துக் கொழுந்து எடுப்போமே, அந்த நீளக் கம்பு.

போகிற வழியில் அங்கங்கே நின்று போனைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தாள். நிற்கிற இடத்தின் உயரத்தைப் போனே காட்டுமாம், அதற்கு சிக்னல் தேவையில்லையாம். பாறைக்கு வந்ததும் கம்பைக் கேட்டாள். பாறையை ஒட்டியிருந்த செடிகளின் மேல், இறக்கத்தைப் பார்த்து நீளவாக்கில் வைத்தாள். கம்பு நடுவில் ஒரு செடியின் தலையைத் தொட்டுக்கொண்டு நின்றது. இரண்டு நுனியும் செடியில் படாமல் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தன. இத்தனை வருடம் ஆயிரம் செடி மேல் அதை வைத்திருக்கிறேன். அப்படி நிற்கிற இடத்தில், செடி மேடாகிவிட்டது என்று ஒடித்துவிட்டுப் போவேனே தவிர, ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

"குனிஞ்சு இந்தக் கம்பு ஓரமாப் பாருங்கம்மா."

முதலில் பனிமூட்டம்தான் தெரிந்தது. காத்திருந்தோம். மூட்டம் விலகியபோது ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கம்பு காட்டிய திசை எங்கள் லயத்துக் கூரைக்கு மேலாகப் போய், பள்ளத்தைத் தாண்டி, எதிர் மேட்டில் இருக்கிற பிள்ளைக் காம்பராவின் தகரத்தில் போய் முட்டியது. வேலைக்குப் போகிற அம்மாமார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. லயத்திலிருந்து நடந்தால் ஒரு மூச்சு தூரம்.

"அங்கயெல்லாம் நான் போன கொண்டு போயிருக்கேன். ஒண்ணும் வராது" என்றேன்.

"கையில வச்சிருந்தா வராதும்மா. ரெண்டாள் உயரத்துக்குத் தூக்கணும்."

எழுதி வந்த உயரங்களை வைத்து அங்கேயே உட்கார்ந்து மலைக்கு ஒரு வளைவு போட்டாள். அச்சாகப் பரவளைவு இல்லையாம், சுமாராக அப்படித்தானாம். அதே b² − 4ac. கணக்கும் பிள்ளைக் காம்பரா முற்றத்தில் இரண்டாள் உயரம் என்றுதான் சொன்னது.

பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிற அக்கா அடுத்த லயத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். ஒரு போனை மேலே கட்டி, அதிலிருந்து கீழே இன்னொரு போனுக்கு ஹொட்ஸ்பொட்டில் இன்டர்நெட் எடுக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். எங்களிடம் இருந்தது ஒன்று. அக்காவிடம் கேட்டோம்.

"என் போன மழையில தொங்க விடப் போறீங்களா? ஒங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள். திட்டிக்கொண்டே உள்ளே போனவள், போனை ஒரு கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயை நூலால் இறுகக் கட்டி, ஒரு மூங்கிலையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

மூங்கிலை முற்றத்துத் தூணோடு சேர்த்துக் கட்டி நிறுத்தினோம். மகள் கீழே எங்கள் போனை வைத்துக்கொண்டு பார்த்தாள். வந்தது, போயிற்று. மறுபடி வந்தது, போயிற்று. இவ்வளவுதானா என்று எனக்கு வெறுத்துவிட்டது. அக்கா, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்தாள்.

மகள் மட்டும் சிரித்தாள். "தொட்டுக்கிட்டு இருக்கும்மா. சோதனையில தொட்டாப் போதும், நமக்குத் தாண்டணும். இன்னும் கொஞ்சம் தூக்கணும்."

வேறு மூங்கில் இல்லை. நான் ஊன்றிக்கொண்டிருந்த மட்டக்கம்பைக் கொடுத்தேன். மூங்கிலின் நுனியில் அதை வைத்துக் கட்டி, அதன் தலையில் போனைக் கட்டி மறுபடி தூக்கினோம். மகள் கீழே இருந்த போனிலிருந்து வாட்ஸ்அப்பில் சேருக்கு அழைப்பெடுத்தாள். மணி போகிறது! எடுத்தும் விட்டார். தண்ணீர் மாதிரி தெளிவாகக் குரல்.

"இண்டைக்கு வகுப்பு இல்லையே மகள்?"

"தெரியும் சேர். c ஒண்ணத் தாண்டிருச்சு சேர்" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கமாகச் சொன்னதும் அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. மறுபடி போய்விட்டதோ என்று பயந்தேன். பிறகுதான் தெரிந்தது, மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மகள் அதிபர் அறைப் பக்கமே போகவில்லை. அன்று சாயந்தரம் வகுப்பு நடந்தபோது நான் பிள்ளைக் காம்பராப் படியில் காலை நீட்டி உட்கார்ந்தேன். சேர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான் ஞாபகம். மகள் தோளைத் தொட்டு, "முடிஞ்சிருச்சும்மா, வாங்க" என்றபோதுதான் தூங்கிப்போனது தெரிந்தது. என் மேல் அக்காவின் கம்பளி கிடந்தது.

இப்போது இன்னும் இரண்டு லயத்துப் பிள்ளைகள் அந்த முற்றத்துக்கு வருகிறார்கள். மகள் இந்த வருடம் பரீட்சை எழுதுகிறாள். என்ன வருமோ தெரியாது. எனக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, வேலையும் குறையவில்லை. கொழுந்து எடுக்க வேறொரு கம்பு வெட்டிக்கொண்டேன். பழையது இன்னும் அந்த மூங்கில் தலையில்தான் நிற்கிறது. வேலை முடிந்து வரும் வழியில் அதை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம், எங்களுக்கு வர வேண்டியது இத்தனை நாளும் எங்கள் தலைக்கு மேலேதான் போய்க்கொண்டிருந்தது, ஒரு கம்பு உயரத்துக்காக என் பிள்ளையின் படிப்பை நிறுத்தப் பார்த்தேனே என்று நினைத்துக்கொள்கிறேன்.